அமெரிக்கா கடன் கட்டாமல் விட்டால் நாங்கள் கைதட்டுவதா?

காலிவீதி | 2023 மே 23

இரண்டு மூன்று நாளாக எனக்கு வரும் வட்ஸ்அப் செய்திகளில் ஒரே கொண்டாட்டம். அமெரிக்காவும் எங்கள் இலங்கையைப் போல வங்குரோத்தாகப் போகிறதாம், நாணய நிதியத்திடம் கையேந்தட்டுமாம். வெள்ளவத்தையில் காஸ் சிலிண்டரோடு விடிய விடியக் கியூவில் நின்ற ஆட்களே இப்படி அனுப்புகிறார்கள். எனக்கு இதைப் பார்க்கக் கோபம் வருகிறது. அதனால்தான் இந்த இழை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க அரசாங்கம் மொத்தம் எவ்வளவு கடன் வைத்திருக்கலாம் என்று அங்கே காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம், சட்டம் போட்டு ஓர் எல்லை வைத்திருக்கிறது. இப்போது அது 31.4 ட்ரில்லியன் டொலர். ஜனவரி 19ஆம் திகதியே அதைத் தொட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து திறைசேரிச் செயலாளர் ஜனட் யெலன், அரசாங்க ஊழியரின் ஓய்வூதிய நிதிகளில் போட வேண்டிய முதலீட்டைத் தள்ளிப்போடுவது போன்ற வழிகளால் நாட்களைச் சமாளிக்கிறார். ஜூன் 1ஆம் திகதியே காசு முடியலாம் என்று எழுதியும் இருக்கிறார். பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் கையில் இருக்கிறது. செலவைக் குறைக்க ஒத்துக்கொண்டால்தான் எல்லையை உயர்த்துவோம் என்கிறார் சபாநாயகர் மெக்கார்த்தி. நிபந்தனை இல்லாமல் உயர்த்துங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த பைடன் இப்போது பேச்சுக்கு வந்திருக்கிறார். இதற்காகவே பப்புவா நியூகினி, அவுஸ்திரேலியாப் பயணங்களை இரத்துச் செய்துவிட்டு ஹிரோஷிமாவிலிருந்து நேரே வீடு திரும்பினார்.

இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது? போன வருஷம் ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட மாட்டோம் என்று எங்கள் அரசாங்கம் அறிவித்ததே, அதற்குப் பிறகு மருந்து இல்லாமல் நின்றது யார்? கடன் கொடுத்தவர்களா, கடன் வாங்கியதில் கையெழுத்துப் போட்டவர்களா? கடன் கட்ட மாட்டேன் என்று மிரட்டுகிற அரசியல்வாதியின் பையிலிருந்து ஒரு சதமும் போகாது. எந்த நாடாக இருந்தாலும் சரி, இதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

---

புறக்கோட்டை மொத்தம் | 2023 மே 23

அக்கா, நான் கைதட்டவில்லை. ஆனால் வியாபாரியாக ஒரு கேள்வி. அமெரிக்கா தடுமாறினால் டொலர் விழும்தானே? டொலர் விழுந்தால் பருப்பு, சீனி, கிழங்கு எல்லாம் எங்களுக்கு மலிவாக இறங்கும். போன வருஷம் இதே நேரம் டொலர் 360 ரூபா வரை போய், அந்த விலைக்கும் வங்கியில் டொலர் இல்லாமல், துறைமுகத்தில் கொள்கலன்கள் மாதக் கணக்கில் கிடந்தன. தாமதக் கட்டணம் சாமானின் விலையையே தின்றது. அந்த நிலைமையில் இருந்து வந்தவனுக்கு, டொலர் கொஞ்சம் விழட்டுமே என்று தோன்றத்தான் செய்யும்.

---

கணக்குப்பிள்ளை | 2023 மே 24

மொத்தம் அண்ணா, நீங்கள் நினைக்கிற மாதிரி நடக்காது. 2011இல் இதே சண்டை நடந்தது. ஓகஸ்ட் 2ஆம் திகதி, கடைசி நாளில், ஒபாமா சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று நாளில், நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடுகிற ஸ்டாண்டர்ட் அன்ட் புவர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் தரத்தை மூன்று ஏயிலிருந்து டபுள் ஏ பிளஸ் ஆக இறக்கியது. அப்போது உலகத்தில் பயந்த ஆட்கள் எதை வாங்க ஓடினார்கள்? அதே அமெரிக்கத் திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கத்தின் கடன் பத்திரங்களைத்தான். பங்குச் சந்தைகள் விழுந்தன, தங்கம் ஏறியது. செட்டியார் தெருவில் கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், அந்த வருஷத்துத் தங்க விலையை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பயம் வரும்போது காசு முதலில் வெளியேறுவது எங்களைப் போன்ற நாடுகளில் இருந்துதான். அது தவிர, எங்கள் ஆடை ஏற்றுமதிக்கு மிகப் பெரிய தனி நாட்டுச் சந்தை அமெரிக்கா. அங்கே வேலை போனால், கடையில் உடுப்பு வாங்குவது குறைந்தால், கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில் ஓவர்டைம் நிற்கும். டொலர் மலிவாவதற்கு முன்பே டொலர் வருகிற வழி சிறுத்துவிடும்.

இன்னொன்று. 2011இல் கடைசியில் எல்லாம் சரிவந்தது என்று சொல்கிறார்களே, அந்த இழுபறியால் மட்டும் அந்த ஒரு நிதியாண்டில் திறைசேரியின் வட்டிச் செலவு ஏறக்குறைய 1.3 பில்லியன் டொலரால் கூடியது என்று அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு அலுவலகமே மதிப்பிட்டது. கடன் கட்டுவது நிற்கவில்லை. ஒரு நாள் கூடப் பிந்தவில்லை. நிற்கும் என்ற பயத்துக்கே அவ்வளவு விலை.

---

பழைய வாத்தியார் | 2023 மே 24

இந்த எல்லை எங்கிருந்து வந்தது என்று இளம் பிள்ளைகள் தெரிந்துகொண்டால் நல்லது. 1917இல் முதலாம் உலக யுத்தத்துக்குக் காசு திரட்ட முறி விற்றபோது வந்தது. அதுவரை ஒவ்வொரு கடனுக்கும் காங்கிரஸ் தனித்தனியாக அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. யுத்த நேரத்தில் அது சரிவராது என்று, இவ்வளவு வரைக்கும் நீங்களே எடுங்கள் என்று திறைசேரிக்கு விட்டார்கள். 1939இல் எல்லாக் கடனுக்கும் பொதுவாக ஒரே எல்லை வந்தது. அதாவது அரசாங்கத்தின் வேலையை இலகுவாக்கக் கொண்டுவந்த ஏற்பாடு அது. 1960க்குப் பிறகு மட்டும் 78 தடவை உயர்த்தியோ நீடித்தோ இருக்கிறார்கள். அதில் 49 தடவை குடியரசுக் கட்சி ஜனாதிபதிகளின் காலத்தில். ஆகவே இது ஒரு கட்சியின் பழக்கம் என்று சொல்ல இடமில்லை.

அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்தின் 4ஆம் பிரிவு, நாட்டின் பொதுக் கடனின் செல்லுபடித்தன்மையைக் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகு எழுதிய வரி. அதை வைத்து, இந்த எல்லையே செல்லாது என்று அங்கே சில சட்டப் பேராசிரியர்கள் சொல்கிறார்கள். அரசாங்க ஊழியர் சங்கம் ஒன்று இந்த மாதம் பொஸ்டன் நீதிமன்றத்தில் வழக்கே போட்டுவிட்டது. ஒரு தொழிற்சங்கம் தன் அங்கத்தவர்களின் சம்பளத்துக்காக அரசியலமைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போவதை நான் மதிக்கிறேன்.

---

மேரிலாண்ட் தங்கச்சி | 2023 மே 25

பிறந்து வளர்ந்தது பம்பலப்பிட்டி. இப்போது மேரிலாண்டில் இருக்கிறேன், கணவர் மத்திய அரசாங்க வேலையில்.

இங்கே சனம் எப்படி இருக்கிறது என்று நேரே சொல்கிறேன். பாதிப்பேருக்கு இது ஒவ்வொரு தடவையும் நடக்கிற கூத்து, கடைசி நிமிடத்தில் தீர்த்துவிடுவார்கள் என்ற நினைப்பு. மற்றப் பாதி பயந்துபோய் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வயதான அம்மாவுக்கு மாதாமாதம் வருகிற சமூகப் பாதுகாப்புக் காசு மட்டும்தான் வருமானம். ஜூன் மாதக் காசு வருமா என்று என்னிடம் கேட்டார். நான் என்ன பதில் சொல்வது?

இரண்டு விஷயங்களைப் பலர் குழப்புகிறார்கள். செலவுக்கான சட்டம் நிறைவேறாமல் அலுவலகங்களை மூடுவது வேறு. 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் அப்படி மூடியிருந்தது. என் கணவருக்குச் சம்பளம் வரவில்லை, பிறகு மொத்தமாகக் கிடைத்தது. கடன் எல்லை என்பது வேறு. அதில் ஏற்கெனவே செலவழிக்கச் சட்டம் போட்ட காசையே கட்ட முடியாமல் போகும். கடையில் கொப்பியில் எழுதி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மாத முடிவில் "இனிமேல் செலவைக் குறைக்கப் போகிறேன், அதனால் கொப்பிக் கணக்கைக் கட்ட மாட்டேன்" என்று சொன்னால் கடைக்காரர் என்ன சொல்வார்? அதைத்தான் இங்கே சிக்கனம் என்று பேசுகிறார்கள்.

---

ஜிந்துப்பிட்டி | 2023 மே 25

நான் கொஞ்சம் மாறிப் பேசப் போகிறேன், கோபிக்க வேண்டாம்.

அமெரிக்காக்காரர் சண்டை பிடிக்கிறார்கள், சரி. ஆனால் வெளிச்சத்தில் பிடிக்கிறார்கள். எல்லை எவ்வளவு, எப்போது முடியும், யார் என்ன கேட்கிறார்கள் என்பது தெருவில் போகிற ஆளுக்கும் தெரிகிறது. எங்களுக்கு என்ன தெரிந்தது? 2019 டிசம்பரில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரியை 15 வீதத்தில் இருந்து 8 வீதமாக இறக்கினார்கள். எல்லாரும் சந்தோஷப்பட்டோம். 2020இலேயே வெளிநாட்டுச் சந்தையில் எங்களுக்குக் கடன் கொடுக்க ஆள் இல்லாமல் போனது. 2022 ஜனவரியில் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்தபோதே 500 மில்லியன் டொலர் முறியைக் கட்டினார்கள். கட்ட வேண்டாம், அந்தக் காசில் மருந்தும் எரிபொருளும் வாங்குங்கள் என்று பொருளியலாளர்கள் கத்தினார்கள். யார் கேட்டது? மே மாதம் நிதி அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழும்பி, எடுத்துச் செலவழிக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலரும் இல்லை என்றார். அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

எங்களுக்கும் அப்படி ஒரு எல்லை இருந்து, அதற்காக நாடாளுமன்றத்தில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தால், 2020இலேயே நாடு விழித்திருக்கும்.

---

கணக்குப்பிள்ளை | 2023 மே 26

ஜிந்துப்பிட்டித் தம்பி, எங்களுக்கு எல்லை இருக்கிறது. அதுதான் வேதனை.

ஒவ்வொரு வருஷமும் வருகிற ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் தொடக்கப் பிரிவுகளிலேயே அந்த வருஷம் எவ்வளவுக்குக் கடன் எடுக்கலாம் என்று ஒரு தொகை இருக்கும். திறைசேரி உண்டியல்கள் என்ற குறுகிய காலக் கடன் பத்திரங்களுக்கு நாடாளுமன்றத் தீர்மானத்தால் தனி எல்லை. போதாமல் போனால் திருத்தம் கொண்டுவருவார்கள். போன வருஷ இடைக்கால வரவு செலவுத் திட்டத்தோடு அப்படித்தான் எல்லை கூடியது. 2003இல் அரசாங்கப் பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 5 வீதத்துக்குள் கொண்டுவருவோம் என்று தனிச் சட்டமே போட்டார்கள். மீறியதற்காக ஒருவராவது பதில் சொன்னதாக உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

செலவையும் கடனையும் ஒரே சட்டத்தில் ஒன்றாக அனுமதிப்பது நல்ல முறைதான். அமெரிக்காவில் செலவுக்கு ஒரு வாக்கெடுப்பு, கடனுக்கு இன்னொன்று. இந்தப் பிளவுதான் மிரட்டலுக்கு இடம் கொடுக்கிறது. எங்கள் முறையில் மிரட்ட வழி இல்லை. ஆனால் யாரும் அந்தப் பிரிவை வாசிப்பதும் இல்லை. வரவு செலவுத் திட்ட நாளில் தொலைக்காட்சி முழுக்கச் சம்பள உயர்வும் சிகரெட் விலையும்தான்.

---

காலிவீதி | 2023 மே 26

ஜிந்துப்பிட்டி சொல்வதில் ஒரு பாதி எனக்குச் சரி. வெளிச்சம் வேண்டும். ஆனால் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் வெளிச்சம் வரும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே இப்போது நடப்பதில் கடன் ஏன் வந்தது என்ற பேச்சு எங்கே இருக்கிறது? எந்த வரியைக் குறைத்தார்கள், எந்த யுத்தத்துக்குச் செலவழித்தார்கள், முதியவர்களின் மருத்துவச் செலவு எப்படி ஏறுகிறது? இதைப் பேச மாதக் கணக்கு வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பேசும்போது, குரல் இல்லாத ஆளின் பங்கைத்தான் முதலில் வெட்டுவார்கள். ஒப்பந்தம் வரட்டும், உணவு உதவி வாங்குகிற ஏழைகள் மேல் கை வைத்திருப்பார்கள், பாருங்கள்.

---

நிர்வாகி | 2023 மே 27

தனிப்பட்ட முறையில் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். விஷயத்தோடு நில்லுங்கள்.

---

மேரிலாண்ட் தங்கச்சி | 2023 ஜூன் 2

முடிந்தது. பிரதிநிதிகள் சபையில் 314க்கு 117, நேற்றிரவு செனட்டில் 63க்கு 36. யெலன் கடைசித் திகதியை ஜூன் 5க்குத் தள்ளியிருந்தார், அதற்குச் சில நாள் முன்னால் ஒப்பேற்றிவிட்டார்கள். எல்லையை 2025 ஜனவரி 1 வரைக்கும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், புதுத் தொகை எதுவும் இல்லை. சபையில் மெக்கார்த்தியின் சொந்தக் கட்சியில் 71 பேர் எதிர்த்தார்கள். ஜனநாயகக் கட்சியின் 165 வாக்கு இல்லாவிட்டால் நிறைவேறியிருக்காது.

காலிவீதி அக்கா சொன்னது நடந்தது. பிள்ளைகள் இல்லாத, வேலை செய்யக்கூடிய ஆட்கள் உணவு உதவியைத் தொடர்ந்து வாங்க வேலை நிபந்தனை 49 வயது வரை இருந்தது. அதைப் படிப்படியாக 54 வரை நீட்டியிருக்கிறார்கள். வீடில்லாதவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் விலக்கு உண்டு. மாணவர் கடன் திருப்பிக் கட்டுவது மறுபடி தொடங்குகிறது. வரித் திணைக்களத்துக்குக் கொடுத்த காசிலும் ஒரு பகுதியை வெட்டினார்கள். வரி கட்டாதவர்களைப் பிடிக்கக் கொடுத்த காசு அது! பற்றாக்குறையைக் குறைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வரி சேர்க்கிற கையைக் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வயதான அம்மாவின் காசு வந்துவிட்டது. அதுவரை அவர் மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டிருக்கிறார். எந்தக் கணக்காய்வு அலுவலகம் இதை எண்ணும்?

---

புறக்கோட்டை மொத்தம் | 2023 ஜூன் 2

தங்கச்சி, அந்த மருந்துக் கதை நெஞ்சைப் பிசைகிறது. டொலர் விழட்டும் என்று எழுதியதை நான் இனிமேல் சொல்ல மாட்டேன்.

எங்கள் பக்கம் நேற்று மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 2.5 வீதப் புள்ளி குறைத்தது. கடன் வாங்கி வியாபாரம் செய்கிற எங்களுக்கு மூச்சு விட ஒரு இடைவெளி.

---

கொட்டாஞ்சேனைக்காரி | 2023 ஜூலை 2

இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை விசேட வங்கி விடுமுறை. வங்கிகள் ஐந்து நாள் மூடியிருக்கும்போது, நேற்று சனிக்கிழமை நாடாளுமன்றத்தைக் கூட்டி, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை 122க்கு 62 என்று நிறைவேற்றிவிட்டார்கள். வங்கி வைப்பில் கை வைக்கவில்லை, நல்லது. வங்கிகள் வைத்திருக்கிற முறிகளையும் விட்டுவிட்டார்கள். ஆனால் எங்கள் ஊழியர் சேமலாப நிதி? பழைய முறிகளை வட்டி குறைந்த, காலம் நீண்ட புது முறிகளாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நிதியின் முறி வருமானத்துக்கு 14 வீத வரிக்குப் பதில் 30 வீத வரி. 9 வீத வட்டி குறையாது என்று சொல்கிறார்கள். போன செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போன நாட்டில், என் உழைப்பின் சேமிப்புக்கு 9 வீதம் என்பது பாதுகாப்பா?

நான் தனியார் நிறுவனமொன்றில் வேலை. மாதாமாதம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள். அந்தக் காசைத் திறைசேரிக்குக் கடனாகக் கொடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நான் கடன் கொடுத்தவளாம், விட்டுக்கொடுக்க வேண்டுமாம். அமெரிக்காவில் எல்லாரும் மாதக் கணக்காகச் சத்தம் போட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு நீண்ட வார இறுதி.

---

கணக்குப்பிள்ளை | 2023 ஜூலை 3

வங்கிகளை விட்டதற்குக் காரணம் இருக்கிறது. வாராக்கடனாலும் வெளிநாட்டு முறிகளின் நட்டத்தாலும் ஏற்கெனவே தள்ளாடுகின்றன. இன்னும் தட்டினால் வைப்பாளர்கள் வரிசையில் நிற்பார்கள். அது உண்மை. ஆனால் சகோதரி கேட்பது வேறு கேள்வி, அதற்கும் பதில் வேண்டும். சேமலாப நிதியின் காசு அநேகமாக முழுக்க அரசாங்க முறிகளில் இருக்கிறது, அதை நிர்வகிப்பது மத்திய வங்கி, அரசாங்கத்துக்காக முறிகளை விற்பதும் அதே மத்திய வங்கி. இந்தக் கட்டமைப்பை வைத்துக்கொண்டு தொழிலாளிக்காக மேசையில் உட்கார்ந்து பேரம் பேசுவது யார்?

---

பழைய வாத்தியார் | 2023 ஓகஸ்ட் 2

நேற்று ஃபிட்ச் நிறுவனமும் அமெரிக்காவை மூன்று ஏயிலிருந்து இறக்கிவிட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று, கடன் எல்லையை வைத்துத் திரும்பத் திரும்ப விளிம்புக்குப் போய்க் கடைசி நிமிடத்தில் தீர்ப்பதால் நிர்வாகத்தின் மீதான நம்பிக்கை தேய்ந்துவிட்டது என்பது. ஜூனில் வெற்றி என்று இரண்டு கட்சியும் சொன்ன ஒப்பந்தத்துக்கு ஓகஸ்டில் வந்த மதிப்பெண் இது.

---

ஜிந்துப்பிட்டி | 2023 நவம்பர் 15

இந்த இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். நேற்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு. பொருளாதார நெருக்கடிக்கு ராஜபக்ச சகோதரர்கள் மூவரும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உட்படச் சில அதிகாரிகளும் பொறுப்பு, மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மைத் தீர்ப்பு. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாகத் தலா 150,000 ரூபா. கொட்டாஞ்சேனை அக்காவின் சேமலாப நிதிக்கு எதுவும் இல்லை. ஆனாலும், பெயர் சொல்லி இன்னார் பொறுப்பு என்று இந்த நாட்டில் ஒரு நீதிமன்றம் எழுதியதை நான் பெரிய விஷயமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். மெக்கார்த்தியையும் போன மாதம் சொந்தக் கட்சிக்காரர் சிலரே ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள், ஆனால் அவர் கடன் எல்லையை வைத்து மிரட்டியதற்காக இல்லை, மிரட்டலை விட்டுச் சமரசத்துக்குப் போனதற்காக.

---

கணக்குப்பிள்ளை | 2023 நவம்பர் 16

திங்கட்கிழமை வந்த வரவு செலவுத் திட்டத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? கடன் எடுக்கும் எல்லையை 3,900 பில்லியன் ரூபாவிலிருந்து 7,350 பில்லியனாக உயர்த்தக் கேட்டிருக்கிறார்கள். கூட்டுகிற 3,450 பில்லியனில் 3,000 பில்லியன் கடன் மறுசீரமைப்புக்கு, 450 பில்லியன் வங்கிகளுக்கு மூலதனம் போட.

பயமுறுத்த விரும்பவில்லை. மறுசீரமைப்பில் பழைய முறியை இரத்துச் செய்து புது முறி கொடுக்கும்போது, புது முறியும் கடன் என்றே எல்லைக்குள் எழுதப்படும். அதற்காக அந்தத் தொகை முழுவதும் புதிதாகச் செலவழிக்கிற காசு ஆகாது. ஆனால் வங்கிகளுக்கான 450 பில்லியன் உண்மையான காசு. எந்த வங்கிக்கு எவ்வளவு, எந்த நிபந்தனையில், பெரிய கடனைக் கட்டாமல் விட்ட முதலாளிகளின் பெயர் வெளியே வருமா? நான் பார்த்த விவாதத்தில் இதுவரை யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

---

கொட்டாஞ்சேனைக்காரி | 2023 நவம்பர் 16

450 பில்லியன் வங்கிகளுக்கு. எங்கள் நிதிக்குப் பிரதிநிதி ஒருவர் கூட இல்லை. இதை வேலைத்தளத்தில் அச்சடித்து ஒட்டப் போகிறேன்.

---

காலிவீதி | 2023 நவம்பர் 17

மே மாதம் அமெரிக்காவைப் பார்த்துக் கைதட்ட வேண்டாம் என்று தொடங்கினேன். இப்போது எங்கள் எல்லை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி கூட இல்லை. இந்த மௌனம் அந்தக் கைதட்டலை விட எனக்குப் பயமாக இருக்கிறது.

21ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தின் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பு. அதற்கு முன்பு கொழும்பு மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்று கேள்விகள்தான். எல்லையை உயர்த்துகிற தொகையில் மறுசீரமைப்புக் கணக்கு எவ்வளவு, புதுக் கடன் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவார்களா? வங்கிகளுக்குப் போகும் காசுக்கு என்ன நிபந்தனை? சேமலாப நிதியின் முறிகளைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதி ஒருவரை எப்போது அமர்த்துவார்கள்? தமிழில் எழுதி முடித்துவிட்டேன், சிங்களப் பிரதியைக் கணக்குப்பிள்ளை சரிபார்க்கிறார். கையொப்பம் போட விரும்புகிறவர்கள் ஞாயிறு இரவுக்கு முன் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். திங்கள் காலை தபாலில் போகிறது.